பேப்பர் போட்ட படலம்

"உங்க வேல்யூ எங்களுக்குத் தெரியும் பாஸ்" என்று நேற்று மேனேஜர் போனில் சொன்னார்.

தெரியுமாம். ஏப்ரலில் அப்ரைசல் மீட்டிங்கில் உட்கார்ந்தபோது தெரியவில்லை. அதற்கு முந்தைய ஏப்ரலிலும் தெரியவில்லை. அப்போதெல்லாம் பட்ஜெட் இல்லை, மார்க்கெட் சரியில்லை, அமெரிக்காவில் கிளையன்ட் கையை இறுக்குகிறான், பெல் கர்வில் உங்களுக்கு இந்த இடம்தான் மிச்சம். நான் பேப்பர் போட்ட மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் மார்க்கெட் நிமிர்ந்துவிட்டது, கிளையன்ட் தாராளப் பிரபு ஆகிவிட்டான், எங்கிருந்தோ பட்ஜெட் முளைத்துவிட்டது. புதுக் கம்பெனி தருவதாகச் சொன்னதற்கு மேல் மாதம் இரண்டாயிரம் கூடுதலாம். ஒரு தனிமனிதனின் ராஜினாமா ஒரே ராத்திரியில் உலகப் பொருளாதாரத்தையே தூக்கி நிறுத்துமென்றால், அந்த மனிதனுக்கு இரண்டாயிரம் ரொம்பக் குறைச்சல்.

இருக்கவா, போகவா என்று யோசிக்க வேண்டும். அதற்குமுன், விஷயம் ஊருக்குத் தெரிந்த கதை.

கொரோனாவுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் வந்தவன், இன்னும் மாடியறையில் லேப்டாப்போடு இருக்கிறேன். எதிர்வீட்டில் விசைத்தறி, பக்கத்து வீட்டிலும் விசைத்தறி. மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் சென்னையில் இருப்பவர்களுக்குச் சேலை ஓடும் சத்தம்தான் கேட்கும். அதனால் எப்போதும் மியூட்டில் இருப்பேன். "பிறர் கருத்தைப் பொறுமையாகக் கேட்பவர்" என்று அப்ரைசலில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதற்குத்தான். நேற்று மேனேஜர் தொகையைச் சொன்னபோதும் தறி ஓடியது. "சார், கேக்கல" என்றேன். சத்தமாகச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். இன்னும் சத்தமாகச் சொன்னார். அந்த நொடியில் கரெண்ட் போனது. தறி நின்றுவிட்டது, மேனேஜர் நிற்கவில்லை. என் சம்பளம் தெருமுனை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

சாயங்காலம் பூ மார்க்கெட் பக்கம் போனால், இதுவரை நான் ஒரு முழம்கூட வாங்கியிராத வியாபாரி, "அண்ணாச்சி, இருக்கதா, போறதா?" என்கிறார். அம்மாவின் கவலை வேறு மாதிரி. தொண்ணூறு நாள் நோட்டீஸ் முடிந்து புதுக் கம்பெனியில் சேரும் தேதி ஆடியில் விழுகிறது. "ஏய்யா, ஆடியில போயி புது எடத்துல சேருவாங்களா?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழைய எடத்துல கூடுதலா வாங்குததுக்கு ஆடி ஒண்ணும் செய்யாதுல்லா?" என்று கேட்டார். கம்பெனி ஹெச்ஆரே இவ்வளவு நுணுக்கமாகப் பேசவில்லை.

எங்கள் ஊரில் போய் அதுவா இதுவா என்று கேட்பதே வீண். சிவனே பெரியவர் என்று சங்கனும், திருமாலே பெரியவர் என்று பதுமனும், இரண்டு நாகராஜாக்கள் மல்லுக்கு நின்ற தலம் இது. கிடைத்த தீர்ப்பு, வலப்பாகம் சிவன், இடப்பாகம் திருமால். கோமதி அம்மன் புன்னை வனத்தில் தவமிருந்து பெற்ற காட்சி. ஆடித்தபசன்று சாயங்காலம் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்து முடித்தால், ராத்திரி சங்கரலிங்கமாக இன்னொரு காட்சியும் உண்டு. கேட்டது கிடைத்த பிறகும் ஒன்று கேட்கலாம் என்று சாமியே வழி வைத்திருக்கும் ஊரில் சலூன்காரர் சும்மா இருப்பாரா? "இவன் சொன்னத கொண்டுபோயி அவன்ட்ட காட்டும். அவன் ஏத்துவான். அதத் திருப்பிக் கொண்டாந்து இவன்ட்ட காட்டும்" என்கிறார், கத்தி என் காதோரம் இருக்கும்போது. பக்கத்து நாற்காலிக்காரர் அதற்கும் மேலே போய், "ரெண்டு பேர்ட்டயும் பாதிப் பாதி வேல பாரும்வே" என்றார். அந்தச் சங்கரநாராயண ஏற்பாட்டுக்கு எங்கள் தொழிலில் மூன்லைட்டிங் என்று பெயர். 2022 செப்டம்பரில் அப்படிச் செய்த 300 பேரை வெளியே அனுப்பியதாக விப்ரோவின் ரிஷத் பிரேம்ஜி அறிவித்தார். பாம்புகளுக்குக் கிடைத்த சலுகை நமக்குக் கிடையாது.

2022 என்றதும் வயிறு எரிகிறது. அந்த ஜூனோடு முடிந்த ஓராண்டில் இன்போசிஸில் ஊழியர் வெளியேற்றம் மட்டும் 28.4 சதவீதம். என்னோடு சேர்ந்தவனெல்லாம் கையில் மூன்று ஆஃபரை வைத்துக்கொண்டு ஏலம் விட்ட காலம். நான் விசுவாசமாக இருந்தேன். விசுவாசத்துக்குக் காபி குடிக்கும் மக் ஒன்று கூரியரில் வந்தது. காது உடைந்திருந்தது.

இந்த விஷயத்தில் நான் மதிக்கும் ஒரே ஆள் பரோட்டா மாஸ்டர். எங்கள் பக்கத்து மாஸ்டருக்கு ரெஸ்யூமே கிடையாது, லிங்க்ட்இன் கிடையாது, பேப்பர் போடும் பழக்கம் அறவே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் மாவு ஊறிக்கொண்டிருக்கும், சால்னா கொதித்துக்கொண்டிருக்கும், பெஞ்சில் ஆள் நிறைந்திருக்கும். மாஸ்டரின் செருப்பை மட்டும் காணோம். அதுதான் ராஜினாமா. முதலாளியே கல்லுக்குப் போய் நிற்பார். அவர் வீசிய பரோட்டா, 2019இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டத்தைப் பிரித்த வரைபடம் மாதிரி இருக்கும். அதைத் தின்றவர்கள் காசு கொடுக்கும்போது ஒன்றும் சொல்லமாட்டார்கள், "மாஸ்டர் இல்லையோ?" என்று மட்டும் கேட்பார்கள். மறுநாள் காலை முதலாளி பைக்கை எடுத்துக்கொண்டு புளியங்குடிக்குப் போவார். அங்கே போட்டிக்கடையில் மாஸ்டர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். "உங்க வேல்யூ எங்களுக்குத் தெரியும்" என்ற பேச்செல்லாம் இல்லை. "டீ சாப்பிட வாடே" என்பார். டீ ஆறுவதற்குள் நாள் சம்பளம் ஏறியிருக்கும், முன்பணக் கணக்கு பேசியிருக்கும், ராத்திரி வீட்டுக்குப் பொட்டலம் கட்டிக்கொள்வது உறுதியாகியிருக்கும். திங்கட்கிழமை மாஸ்டர் பழைய கல்லில் கொத்திக்கொண்டிருப்பார். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மறுபடி செருப்பைக் காணோம்.

அந்தக் கடையை எங்கள் ஹெச்ஆர் நடத்தினால் எப்படி இருக்கும் என்று நேற்று ராத்திரி தூக்கம் வராமல் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் சுயமதிப்பீட்டுப் படிவம். 'இவ்வாண்டு நான் வீசிய பரோட்டாக்களும் அவற்றிலிருந்து கற்றவையும்.' மாஸ்டர் எழுதுவார்: நன்றாக வீசினேன். மேனேஜர் திருப்பி அனுப்புவார்: புள்ளிவிவரத்தோடு எழுதவும். பிறகு பெல் கர்வ். கடையில் நாலு பேர். நாலு பேரும் நன்றாக வீசினாலும் ஒருவர் சுமாராக வீசியவராக இருந்தே ஆகவேண்டும். சென்ற ஆண்டு சப்ளையரை அங்கே வைத்துவிட்டதால் இந்த ஆண்டு மாஸ்டரின் முறை. 'கொத்து பரோட்டாவில் சிறப்பு. வீச்சில் எதிர்பார்ப்பை எட்டினார். முட்டை உடைப்பதில் இன்னும் தலைமைப் பண்பு தேவை.' ஊதிய உயர்வு நான்கு சதவீதம், மைதா விலை உயர்வு காரணமாக. மாஸ்டர் பேப்பர் போடுவார். தொண்ணூறு நாள் நோட்டீஸ். அந்தத் தொண்ணூறு நாளும் பரோட்டா வீசும் நுட்பத்தைப் புது ஆளுக்கு நாலஞ்சு வீடியோ மீட்டிங்கில் கற்றுக்கொடுக்க வேண்டும். கடைசி நாளில் கேக் வெட்டி, கல்லைத் திருப்பி ஒப்படைத்தால் ரிலீவிங் லெட்டர். சால்னா பொட்டலம் கணக்கு முடித்த பிறகு நாற்பத்தைந்து வேலைநாளில் வரும்.

நோட்டீஸ் என்றதும் எங்கள் தெருத் தமிழாசிரியர் ஒன்று சொன்னார். எட்டயபுரத்துப் பாரதி 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்தது ஆகஸ்ட் 1, சுதேசமித்திரனுக்குக் கிளம்பியது நவம்பர் 10. மொத்த சர்வீஸே என் நோட்டீஸ் பீரியடை விடப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் அதிகம். எங்கள் கம்பெனியில் சேர்ந்திருந்தால் லாக்-இன் பாஸ்வேர்டு வருவதற்குள் கிளம்பியிருப்பார். "ராமானுஜனப் பாருங்க சார்" என்று அடுத்ததை எடுத்தார். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் கிளார்க். 1913இல் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. துறைமுகத்து அதிகாரி பிரான்சிஸ் ஸ்பிரிங், 'நான் 80 தருகிறேன், இங்கேயே கணக்கு எழுது' என்று சொல்லவில்லை. மேலே போகட்டும் என்று முயற்சி எடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மாதிரி மேனேஜர் எனக்கு வாய்த்திருந்தால் நானும் ஏதாவது கண்டுபிடித்திருப்பேன் என்றேன். ஆசிரியர் ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், போவதோ இருப்பதோ என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. அந்தப் பணம் ஏப்ரலிலும் அதே டிராயரில்தான் இருந்தது. நான் மரியாதையாகக் கேட்டபோது பூட்டியிருந்த டிராயர், மிரட்டியபோது திறந்தது. இதில் எனக்கு ஆத்திரம் வரவேண்டும். வரவும் செய்தது. ஆனால் கூடவே, புதுச் சம்பளத்தில் பி.எஃப். போகக் கையில் எவ்வளவு வரும் என்று கால்குலேட்டரையும் தட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஹெச்ஆரிலிருந்து ஒரு படிவம் வந்தது. விலக நினைத்த காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: உயர்கல்வி, திருமணம், இடமாற்றம், உடல்நலம், சிறந்த வாய்ப்பு, மற்றவை. 'மற்றவை'யை அமுக்கினால் விளக்கம் கேட்டு ஒரு சின்னக் கட்டம் திறக்கிறது. ஏப்ரலில் ஆரம்பித்து எழுதினேன்; கட்டம் சிவந்து, சுருக்கி எழுதச் சொன்னது. சுருக்கினேன். இன்னும் சுருக்கச் சொன்னது. எரிச்சலில் 'பரோட்டா' என்று மட்டும் அடித்து அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் ஹெச்ஆர் பெண் போன் செய்தார். "சார், ஃபுட் அலவன்ஸ்தான் பிரச்சினைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே? அதையும் பேசிக்கலாம்."