ஏழரை லிட்டர்

டெக்சாஸில் ஒருவர் தன் பிக்கப்பில் பிக் பிளாக் எஞ்சின் வைத்திருக்கிறார் என்றால், எதற்கு என்று கேட்பது நாகரிகமில்லை. எத்தனை கியூபிக் இஞ்ச் என்றுதான் கேட்க வேண்டும். என் 1978 செவ்ரோலெட் சி-10இல் இருந்தது ஆறு சிலிண்டர், 250. அதாவது 4.1 லிட்டர். நம்மூரில் அதைவிடச் சின்ன எஞ்சினோடு லாரி ஓடுகிறது. இங்கே அந்த எண்ணைச் சொன்னால், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஆகவே பழைய பிக் பிளாக் 454 ஒன்றை வாங்கினேன். 7.4 லிட்டர், எட்டு சிலிண்டர், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, எடை ஏறக்குறைய 310 கிலோ. மோட்டார் ஹோமிலிருந்து வந்தது. கட்டில், அடுப்பு, கழிவறை சகிதம் ஒரு வீட்டையே மலை மலையாக ஏற்றி இறக்கி ஓய்ந்த எஞ்சின். "ஓடிக்கொண்டிருந்ததைத்தான் கழற்றினேன்" என்றார் விற்றவர். பழைய எஞ்சின் விற்கும் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். ஓடாத எஞ்சினை இந்த நாட்டில் யாரும் கழற்றியதே இல்லை போலிருக்கிறது.

வம்சம் என்னவோ பெரிய வம்சம். 1963 டேடோனா பந்தயத்துக்குச் செவ்ரோலெட் அணிகள் கொண்டுவந்த 427க்கு 'மர்ம எஞ்சின்' என்றே பெயர். அதன் வழியில் 1965இல் 396 விற்பனைக்கு வந்தது, 1970இல் 454. 1973 மாடலில் அதைப் பிக்கப்புக்கும் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில்தான் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. நாள் பார்த்துச் செய்வது என்றால் இப்படிச் செய்ய வேண்டும்.

நான் எஞ்சின் வாங்கியபோது என் மாமனார் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். நாமக்கல்லில் லாரி எஞ்சின்களோடு ஆயுளைக் கழித்தவர். ஏரி, பூங்கா, கோயில் எல்லாம் பார்த்து முடித்து, வேலையில்லாமல் சோபாவில் கிடந்தவர், கிரேனில் எஞ்சின் இறங்குவதைக் கண்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பிளாக்கில் வார்த்த தேதி புடைத்திருக்கும். ஜனவரிக்கு 'ஏ', பிப்ரவரிக்கு 'பி' என்று மாதத்துக்கு ஓர் எழுத்து. எங்களுடையது 'டி 14 7'. ஏப்ரல் 14, 1977 என்று விளக்கினேன்.

"சித்திரையில பொறந்திருக்குது. செலவு வெக்குமுங்க மாப்பிள்ளை" என்றார்.

ஹெட்டைக் கழற்றியதும் அவர் பேச்சு நின்றுவிட்டது. இந்த எஞ்சினில் வால்வுகள் வரிசையாக நிற்காது; ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும். அதனாலேயே இதற்கு முள்ளம்பன்றி என்று பட்டப்பெயர். "ஏனுங்க, ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டு நிக்குதுங்களே, இது எப்படிங்க ஓடுச்சு?" ஒரு சிலிண்டரில் துரு. விற்றவருக்காக நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் மௌனம் காத்தோம்.

ரிங்கு மட்டும் மாற்றுவது என்பதுதான் திட்டம். துரு இருப்பதால் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும், அதாவது போர் பண்ண வேண்டும். போர் பண்ணினால் ஓவர்சைஸ் பிஸ்டன். பிஸ்டன் மாறினால் எடை மாறும், கிராங்கைப் பேலன்ஸ் பார்க்க வேண்டும். கிராங்க் வெளியே வந்துவிட்டது, கையோடு கையாகப் பேரிங். கேம்ஷாஃப்ட் கண்ணில் பட்டுவிட்டது, கையோடு கையாக அது, அதோடு லிஃப்டர். ஆயில் பம்பு எதற்குப் பழையது? என் மனைவி பில்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்குப் புது எஞ்சினே பெட்டியோட வந்திருக்கும்" என்றாள். கணக்கு சரிதான். அதனால்தான் யாரும் பதில் சொல்லவில்லை.

லேத் பட்டறைக்காரர் வார்த்தைக்குக் காசு கட்டுபவர் மாதிரி அளந்துதான் பேசுவார். மாமனாருக்கு ஆங்கிலம் வராது. சிலிண்டருக்குள் இருவரும் விரலை விட்டுத் தடவினார்கள். "தர்ட்டி" என்றார் அவர். "தர்ட்டி" என்றார் இவர். பேச்சுவார்த்தை முடிந்தது. அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு, 0.76 மில்லிமீட்டர். இதனால் 454 என்பது 460 ஆகும். எட்டு சிலிண்டரிலும் சேர்த்துக் கூடுவது 100 சி.சி.க்குக் கொஞ்சம் அதிகம். நாமக்கல்லில் மாமனார், மாமியார், ஒரு மூட்டை மாட்டுத்தீவனம் ஆகிய மூன்றையும் சுமக்கிற டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100இன் மொத்த எஞ்சினே அவ்வளவுதான்.

"இப்ப எத்தனை லிட்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"ஏழரை."

"அது எனக்கு எப்பவோ தெரியும்."

பூட்டும்போது, சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையான ஃபயரிங் ஆர்டரை மட்டும் மாமனார் நம்ப மறுத்தார். வாழ்நாள் முழுக்க 1-5-3-6-2-4 என்று இருந்தவரிடம் 1-8-4-3-6-5-7-2 என்றால்? இரண்டு நாள் அதை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். பூஜையறையிலும் கேட்டதாக மனைவி சொன்னாள்.

புதுக் கேமும் லிஃப்டரும் போட்ட இந்த மாதிரி எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்தால் ஐடிலில் விடக் கூடாது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் சுமார் 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் கேம் தேய்ந்துவிடும். சைலன்சர் இன்னும் வரவில்லை. புல் எத்தனை அங்குலம் வளரலாம் என்பதற்கே விதி வைத்திருக்கும் குடியிருப்பு எங்களுடையது. பன்னிரண்டாவது நிமிடம் குடியிருப்போர் சங்கத் தலைவர் வாசலுக்கு வந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. மாமனார் கடிகாரத்தைக் காட்டி, எட்டு விரலை விரித்து, "நோ ஸ்டாப்! கேம் கான்!" என்று கத்தினார். தலைவர் எட்டு நிமிடமும் நின்றார். அணைத்ததும், காதைத் தேய்த்துக்கொண்டே, எத்தனை கியூபிக் இஞ்ச் என்று கேட்டார். அடுத்த வாரம் கடிதமும் அனுப்பினார். அது வேறு, இது வேறு.

முதல் ஓட்டம் இந்திய மளிகைக் கடைக்கு. திரும்பும் வழியில் பெட்ரோல் போட்டுக் கணக்குப் பார்த்தேன். காலனுக்கு ஒன்பது மைல். மாமனார் மனக்கணக்கில் லிட்டருக்கு மாற்றினார்: நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

"நம்ம லாரியும் நாலுதானுங்க குடுக்கும். லோடு பதினஞ்சு டன்னு இருக்கும்" என்றவர், பின்பக்கம் எட்டிப் பார்த்தார். ஒரு மூட்டை அரிசி, இரண்டு கட்டு கொத்தமல்லி. "காத்துல பறந்துரும். புடிச்சுக்கறனுங்க" என்று கொத்தமல்லியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.