முறுக்கு நமத்தல்: சில ஆய்வுக் குறிப்புகள்

முறுக்கு ஏன் நமத்துப் போகிறது என்பதில் அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். மாவுப் பக்குவம் தப்பிவிட்டது என்பது தின்றவர் கட்சி. டப்பாவை எவனோ மூடாமல் போய்விட்டான் என்பது சுட்டவர் கட்சி. காற்றைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க இரு தரப்புமே மறந்தன. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

காற்றில் நீராவி மிகுந்தால் முறுக்கு நமக்கும் என்பது பொதுமக்கள் துணிபு. அது பிழை. சென்னையில் ஒரு மே மாத நடுப்பகல். வெப்பம் 38 டிகிரி, ஈரப்பதம் 45 விழுக்காடு என்று கொள்க. ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 21 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றில்தான் மொட்டைமாடி வடகம் மொறமொறவென்று காய்கிறது. (வெயில் அல்லவா காயவைக்கிறது என்று ஆட்சேபிப்போர் நிழலில் வைத்துப் பார்க்கவும், தாமதமானாலும் காயும்.) ஊட்டியில் மூடுபனி இறங்கிய 10 டிகிரிக் காலையிலோ, ஈரப்பதம் 100 விழுக்காடாக இருந்தும், நீராவி 9.4 கிராம்தான். சென்னையில் இருந்ததில் பாதிகூட இல்லை. ஆயினும் அங்கே தட்டில் வைத்த முறுக்கு தொய்ந்துவிடுகிறது.

கிராமில் சொல்வது தனி ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ அதில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பது ஒப்பு ஈரப்பதம். 38 டிகிரியில் 46 கிராமுக்கு இடமுண்டு. 10 டிகிரியில் 9.4 கிராமோடு இடம் தீர்ந்தது. முறுக்கு கிராமை மதிப்பதில்லை, விழுக்காட்டுக்கே கட்டுப்படுகிறது.

உப்பும் அப்படித்தான். தூய உப்பு 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கசியும். கல் உப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். ஜாடி எப்போதும் ஈரமாக இருப்பது அதனால்தான். தலைமுடியும் இதே இனம். ஈரத்தில் அது நீள்வதை வைத்து ஈரமானி செய்து, 1783இல் நூலும் வெளியிட்டார் ஜெனீவாவின் சொசூர். அவருக்கு முறுக்கு கிடைக்கவில்லை என்பது அறிவியல் வரலாற்றின் துரதிர்ஷ்டம்.

இனி வழக்குக்கு வருவோம். மதியம் இருந்த அதே 21 கிராம் நீராவி அப்படியே நிற்க, இரவில் வெப்பம் 27 டிகிரிக்கு இறங்கினால் ஒப்பு ஈரப்பதம் 81 விழுக்காட்டைத் தொடும். காற்றில் ஒரு சொட்டு நீர் கூடவில்லை. முறுக்கின் கதை முடிந்தது. எனவே மே மாத மதியத்தில் டப்பாவைத் திறந்து போட்டவரை எச்சரித்து விட்டுவிடலாம். இரவில் திறந்து போட்டவர்தான் குற்றவாளி.