கையொப்பமிட்டவர் சாப்பிடப் போயிருக்கிறார்

கண்டியில் பொறியியலாளர் சங்கக் கிளை ஒன்றின் வருடாந்தக் கூட்டத்துக்கு நீங்கள் போனதில்லை என்றால் ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்தச் சங்கம் என்று கேட்க வேண்டாம். இந்த நாட்டில் அவை பல. எல்லாவற்றுக்கும் நிகழ்ச்சி நிரல் ஒன்று, புரியாணியும் ஒன்று. வாசலில் வெற்றிலைத் தட்டு, கண்டிய மேளம், உள்ளே குத்துவிளக்கு. திரி ஐந்து, பிரமுகர் ஒன்பது என்பதால் ஒரே திரியை இரண்டு மூன்று பேர் கை சேர்த்து ஏற்றுவார்கள். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள இவர்கள் முன்வந்து நான் பார்த்த ஒரே இடம் அந்தக் குத்துவிளக்கடிதான்.

பிறகு வரவேற்புரை. அதில் பெயர்களைத் தவிர வேறொன்றும் கிடையாது. பெயர் என்றால் வெறும் பெயரா? முதலில் 'பொறியியலாளர்', அடைப்புக்குறிக்குள் 'கலாநிதி' அல்லது 'பேராசிரியர்', அப்புறம் பெயர், அதன் வாலில் பட்டயமும் அங்கத்துவமும். வைத்தியருக்குப் பெயருக்கு முன்னால் ஒன்று இருக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்ற பழைய மனத்தாங்கல். அடைமொழி ஒன்று விடுபட்டால், மண்சரிவு அறிவித்தலுக்குக்கூட அசையாத மனிதர்கள் எழுந்து நின்று திருத்துவார்கள்.

கூட்டாகச் சேரும் பழக்கம் இந்தத் தொழிலுக்குப் புதிதில்லை. இலங்கையில் பொறியியலாளர்கள் 1906இலேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். 1968இன் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அது இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமாகப் பாராளுமன்ற அங்கீகாரம் பெற்றது. 2017இல் இன்னொரு சட்டம் வந்து, தொழில் செய்கிறவர்களைப் பதிவு செய்யப் பொறியியற் பேரவையையும் உண்டாக்கியது. சட்டம் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, ஒழுக்கக் கோவை இருக்கிறது. உலகில் பெரும்பாலான பொறியியலாளர் சங்கங்களின் கோவையை எடுத்தால் பொதுமக்களின் பாதுகாப்பே முதலிடத்தில் நிற்கும். அழகான தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு மாட்டத் தோதாக இருக்கும்.

இவ்வளவும் இருக்கிற ஊரில்தான் ஹந்தானையும் இருக்கிறது.

மகாவலியின் ஒரு கரையில் பேராதனைப் பொறியியற் பீடம். 1950இல் கொழும்பில் தொடங்கி, 1964இல் இங்கே வந்தது. எதிரே ஹந்தானை மலை. அந்தப் பீடத்தின் பீடாதிபதியாக ஒரு காலத்தில் இருந்தவர் அழகையா துரைராஜா, பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கேம்பிரிட்ஜில் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து அவர் 1963இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஈரக் களிமண் எப்போது நிற்கும், எப்போது விட்டுக்கொடுக்கும் என்பது பற்றியது. உலகெங்கும் மண்பொறியியல் மாணவர்கள் இன்றும் அந்தக் கோட்பாட்டில் பரீட்சை எழுதுகிறார்கள். அதாவது, ஈரமண்ணைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்ன மனிதர் நடமாடிய மண் இது. அவர் பெயரைச் சொல்லி நினைவுரை நடத்தலாம், நடத்திவிட்டு மலையை வெட்டலாம். இரண்டுக்கும் முரண்பாடு கிடையாதாம்.

2010இல் ஹந்தானையைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம் என்று வர்த்தமானியில் பிரசுரித்தார்கள். கண்டியைச் சுற்றியுள்ள சரிவுகளில் மாடிகள் ஏறுவது அதனால் நின்றுவிட்டதா என்று அறிய வர்த்தமானியைத் தேட வேண்டியதில்லை. கழுத்தைத் தூக்கிப் பார்த்தால் போதும். சரிவைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி, தள்ளிய மண்ணின்மேல் தூண் நிறுத்தி, தூணின்மேல் நீச்சல் தடாகம் வைத்தால் அதற்குப் பெயர் 'மலைக்காட்சி விடுதி'.

வீதியோரத்தில் ஒரு தாங்குசுவரைப் பார்த்தேன். பன்னிரண்டடி உயரம், வழவழவென்ற சீமெந்துப் பூச்சு, மேலே பூந்தொட்டி. நீர் வடிய ஒரு துளைகூட இல்லை. நடுவயிறு சற்று முன்தள்ளி, அடியில் ஈரம் கசிந்து பாசி பிடித்திருந்தது. கீழே மணல் சலித்துக்கொண்டிருந்த தோட்டத்து மேசன் பாஸிடம் கேட்டேன். "தண்ணி போக ஓட்டை வைக்கணும்னு சொன்னேன் சேர். பிளான்ல இல்லேன்னுட்டாங்க" என்றார். மழை பெய்தால் பின்னால் உள்ள மண் நீரைக் குடிக்கும். மண்துணிக்கைகளுக்கு இடையே நீரழுத்தம் ஏற ஏற, அவற்றின் பிடி தளரும். சுவர் அப்போது மண்ணை மட்டும் தாங்கவில்லை, ஒரு குளத்தையும் சேர்த்துத் தாங்குகிறது. இரண்டங்குலப் பீ.வீ.சீ. குழாயை நான்கு நான்கடிக்கு ஒன்றாகச் செருகி, பின்னால் சல்லி நிரப்பினால் குளம் வடிந்துவிடும். பள்ளிக்கூடம் முடிக்காத பாஸுக்கு இது தெரியும். பிளானில் கையொப்பமிட்டவருக்கோ பெயருக்கு முன்னால் இரண்டு அடைமொழி.

2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து இடிந்தது. கணவன், மனைவி, இன்னும் இரண்டு மாதம்கூட ஆகாத பச்சைக்குழந்தை, மூவரும் போனார்கள். குழு போட்டார்கள். நம் நாட்டில் கட்டடம் இடிந்தால் முதலில் எழும்புவது குழுதான். அந்தக் கட்டடத்தின் வரைபடத்தில் யாருடைய கையொப்பம் இருந்தது, கையொப்பம் என்று ஒன்று இருந்ததா என்று கண்டிக் கடைத்தெருவில் நின்று கேட்டுப் பாருங்கள். இறந்தவர்களின் பெயர் சொல்வார்கள், கட்டட உரிமையாளரைப் பற்றிச் சொல்வார்கள். பொறியியலாளர் என்ற சொல்லே வராது. கூட்டத்தில் மூன்று தடவை உச்சரிக்கப்படும் சொல், இடிபாட்டில் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

ஒரு சுவர் விழுந்தால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். பிரதேச சபை சொல்லும்: மண்சரிவு அறிக்கை பார்த்துத்தான் அனுமதித்தோம். அறிக்கை கொடுத்தவர்கள் சொல்வார்கள்: நிபந்தனை போட்டிருந்தோமே. பொறியியலாளர் சொல்வார்: நான் கீறிக் கொடுத்தது இரண்டு மாடி. உரிமையாளர் சொல்வார்: பாஸ் கட்டினார். பாஸ் சொல்வார்: முதலாளி கட்டச் சொன்னார். கடைசியில் குற்றவாளியாவது மழை. மழைக்குச் சங்கம் இல்லை. ஆகவே மறுப்பறிக்கை வருவதில்லை.

அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 1981 யூலை 17 அன்று ஹயட் ரீஜன்சி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து ஒரே கம்பியில் தொங்கவேண்டிய இரண்டு பாதைகளில், கீழ்ப்பாதையை மேல்பாதையிலிருந்தே வேறு கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். மேல் இணைப்பில் சுமை இரட்டித்தது. கணக்கு மறுபடி பார்க்கப்படவில்லை. இரும்பு வேலைக்காரர் கேட்ட மாற்றம் அது என்ற சமாதானம் எடுபடவில்லை. பொறுப்பான பொறியியலாளர்களின் உரிமத்தை மிசூரி மாநிலம் பறித்தது. முத்திரை உன்னுடையதா, அப்படியானால் பிணமும் உன் கணக்கில். நம் சங்கங்களில் ஒருவர் அங்கத்துவத்தை இழக்க நிச்சயமான வழி ஒன்றுதான்: சந்தா கட்டாமல் விடுவது.

இதெல்லாம் பிளான் உள்ளவர்களின் கதை. ஹந்தானையின் தோட்டத் தொழிலாளர் லயன்களுக்குப் பிளானும் இல்லை, கையொப்பமும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து வரிசை அறைகள். சிவப்பு மண்சரிவு அறிவித்தல் வந்தால் கோவிலுக்கோ பாடசாலைக்கோ போ என்பார்கள். மழை விட்டதும் அதே லயனுக்குத் திரும்பு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை வந்து லயன்களை மூடியது. "சொன்னோமே, போகவில்லையே" என்றார்கள். எங்கே போவது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மிக அதிகம் பறிகொடுத்தது கண்டி மாவட்டம். பொறியியற் பேராசிரியர்களை இவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கிற மாவட்டம்!

அனர்த்தத்துக்குப் பிறகு சங்கங்கள் சும்மா இருந்துவிடுவதில்லை. கருத்தரங்கு வைப்பார்கள். தலைப்பில் 'தாங்குதிறன்' இருக்கும், குளிரூட்டிய மண்டபம் இருக்கும், அனுமதிக் கட்டணம் இருக்கும். வந்தவர்களுக்குத் தொழில் மேம்பாட்டுப் புள்ளிகள். ஒரு மண்சரிவுக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு. லயனில் இருந்து ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாமே என்றால், மொழிபெயர்ப்பாளருக்கு ஒதுக்கீடு இல்லை என்பார்கள்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு என்னிடம் ஒரு பிரேரணை உண்டு. மண்டபம் எடுக்க வேண்டாம். அங்கத்தவர் ஒருவர் கையொப்பமிட்ட கட்டடமாக, ஹந்தானைச் சரிவில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் நவம்பரில், மழை இரவில், அந்தக் கட்டடத்தின் ஆகக் கீழ்மாடியில். தாங்குசுவர்ப் பக்கத்து மேசை நிர்வாகக் குழுவுக்கு. வெற்றிலைத் தட்டு, மேளம், நினைவுச் சின்னம், புரியாணி எல்லாம் வழமைபோல் இருக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை: சாப்பாடு முடிந்து யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது, விடியும்வரை அங்கேயே படுக்க வேண்டும். நிறைவெண் சேர்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.