வீட்டு முற்றத்தில் என்ஜின் இறக்குதல்: தூக்குபொறித் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

தன் வண்டியைத் தானே பழுது பார்க்கும் குடும்பஸ்தர் வாழ்வில் ஸ்பேனரால் தீராத ஒரு கட்டம் வந்தே தீரும். சைலன்சரில் நீலப் புகை வரும். வண்டி பெட்ரோலுக்குப் போட்டியாக ஆயிலைக் குடிக்கும். மேட்டில் இழுவை செத்துவிடும். ரிங் மாற்ற வேண்டும், பேரிங் பார்க்க வேண்டும்; ஆகவே என்ஜினை இறக்க வேண்டும். எதைக் கொண்டு இறக்குவது என்ற வினாவுக்கு டீக்கடைதோறும் விடைகள் மலிந்து கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து, வகுத்து, வேண்டாதவற்றைத் தள்ளுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி அம்பாசிடர். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014இல் உற்பத்தி நின்றுவிட்டாலும், தமிழ்நாட்டுப் போர்ட்டிகோக்களில் தார்ப்பாய்க்கு அடியில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. எடை ஏறத்தாழ 150 கிலோ. கியர்பாக்ஸும் சேர்ந்தால் இன்னும் கூடும். மூன்று சிலிண்டர் மாருதி 800 இவ்வாய்விலிருந்து விலக்கப்படுகிறது. அந்த என்ஜினை இரண்டு பேர் ஒரு கட்டையில் கயிறு போட்டுத் தூக்கிவிடுவார்கள். அங்கே பொறிக்கும் வேலையில்லை, புலமைக்கும் வேலையில்லை.

2. முன்னோர் கொள்கைகள்

சைரக்கூஸ் மன்னன் ஹியெரோவின் முன்னிலையில் ஆர்க்கிமிடீஸ் கூட்டுக்கப்பியைக் கொண்டு, சுமையேற்றிய கப்பலொன்றைத் தனியாளாக இழுத்துக் காட்டினார் என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். கப்பி பற்றிப் பேசுவோர் எல்லாரும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். அம்பாசிடர்க்காரருக்கு இந்த முன்னுதாரணம் உதவாது. கப்பல் கிடைமட்டமாக நகர்ந்தது. ஆர்க்கிமிடீஸ் களைத்துப்போய்க் கயிற்றை விட்டிருந்தாலும் அது அங்கேயே நின்றிருக்கும். அந்தரத்தில் தொங்கும் என்ஜினுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

இக்குறையை 19ஆம் நூற்றாண்டில் தீர்த்துவைத்தவர் தாமஸ் ஆல்ட்ரிட்ஜ் வெஸ்டன். விட்டம் சற்றே வேறுபட்ட இரண்டு கப்பிகளை ஒரே அச்சில் பிணைத்து, தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரு சங்கிலியை அவற்றின் மேல் ஓட்டினார். பெரிய கப்பி சங்கிலியைச் சுருட்டும். சின்னது கிட்டத்தட்ட அதே அளவை அவிழ்த்துவிடும். இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம்தான் சுமையை உயர்த்துகிறது. இதில் நாம் போடும் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வில் பாழ். பொறியியல் வகுப்பில் இதற்கு மார்க் குறைப்பார்கள். ஆனால் சங்கிலியை விட்டுவிட்டு வேர்வையைத் துடைக்கும்போது சுமை சரிந்து வராமல் காப்பது அந்தப் பாழேதான். இக்காலச் செயின் பிளாக்கில் அதே காவலைப் பிரேக்கும் ராட்செட்டும் பார்க்கின்றன. தூக்கும்போது கேட்கும் டக் டக் ஓசை காவலர் விழித்திருப்பதற்கு அத்தாட்சி.

இதிலிருந்து நம் கருதுகோள் பிறக்கிறது. தூக்குபொறியை அது எவ்வளவு தூக்கும் என்பதைக் கொண்டு மதிப்பிடலாகாது; பாதியில் விட்டுவிட்டுப் போனால் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் அந்தரத்தில் இருப்பது சில நிமிடம். வீட்டிலோ பாதி வேலையில் ஃபோன் வரும், சம்பந்தி வருவார், "இட்லி ஆறிப்போவுது, வரீங்களா இல்லையா?" என்று உள்ளிருந்து ஆணை வரும்.

3. வகைப்பாடு

(அ) மரம். செலவில்லாதது, நிழலும் தருவது. கனத்த கிளையுள்ள வேம்பும் புளியும் இவ்வகையில் பேர்பெற்றவை. முருங்கை ஆகாது. வேதாளம் அதில்தானே தொங்கியது, விக்கிரமாதித்தன் எத்தனை முறை இறக்கினான் என்று கேட்பாரும் உளர். பொடியன் ஏறினாலே முறிகிற கிளையில் ஒன்று காலங்காலமாகத் தொங்கியது என்றால், அதற்கு எடையே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். எந்த மரமானாலும் குறை ஒன்று உண்டு: எத்தனை கிலோ தாங்கும் என்று எந்தக் கிளையிலும் எழுதியிருப்பதில்லை. முறிந்த பிறகே தெரியவரும்.

(ஆ) கூரைக் கொக்கி. போர்ட்டிகோ கான்கிரீட்டில் ஃபேனுக்காக விட்டுவைத்த வளையத்தைப் பார்த்ததும் சிலருக்குக் கை பரபரக்கும். ஃபேன் ஐந்து கிலோ. என்ஜின் அதைப்போல் முப்பது மடங்கு. ஊஞ்சல் கொக்கி வேறு இனம். தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை மொத்தக் குடும்பத்தையும் ஆட்டிப் பழகியது. ஆனால் அது கூடத்தில் இருக்கிறது, அம்பாசிடர் கூடத்துக்குள் வராது. வாசலை இடித்துக் கட்டும் யோசனை வீட்டு அமைதி கருதித் தள்ளப்படுகிறது.

(இ) முக்காலியும் செயின் பிளாக்கும். போர்க் கிணற்றில் மோட்டார் ஏற்றி இறக்குபவர்களிடம் இருக்கும் மூன்று இரும்புக் குழாய்க் கால்கள், உச்சியில் கொக்கி, அதில் ஒரு டன் செயின் பிளாக். மண் தரையில் கால்கள் தாமே ஊன்றிக்கொள்ளும். வழவழப்பான சிமெண்ட் தரையில் சுமை ஏற ஏற விரியப் பார்க்கும். மூன்று காலையும் அடியில் சங்கிலியால் சேர்த்துக் கட்டியே ஆக வேண்டும். மற்றொரு குறை சமூகவியல் சார்ந்தது. முக்காலியின் உச்சி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தெரியும். தெருவில் போகிற ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் உள்ளே வந்து யோசனை சொல்வார்கள். யோசனைகளின் எண்ணிக்கை கொக்கியின் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது இவ்வாய்வின் துணை முடிவு.

(ஈ) ஹைட்ராலிக் கிரேன். பாஸ்கல் விதியின் வாரிசு. ஜாக்கிக் கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் கை உயரும், சக்கரத்தில் உருளும், மடக்கிச் சுவரோரம் சாத்தலாம். மேலே ‘2 டன்’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். கையை முழுக்க உள்ளே தள்ளி வைத்தால்தான் அது உண்மை. ஒவ்வொரு துளையாக வெளியே இழுக்க இழுக்க ஒன்றரை, ஒன்று என்று இறங்கி, முழுக்க நீட்டினால் அரை டன்னில் வந்து நிற்கும். அம்பாசிடரின் பம்பரையும் கிரில்லையும் தாண்டி என்ஜினை எட்ட வேண்டுமானால் நீட்டித்தான் ஆக வேண்டும். அரை டன்னே நமக்குப் போதும். வாங்குபவர் படிக்க வேண்டியது கடைசித் துளையில் எழுதியிருக்கும் எண்ணை. இதற்குப் பகை இரண்டு. ஒன்று, சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் புளியங்கொட்டை அளவு ஜல்லி. தள்ளும்போது அது இடறினால் கிரேன் நின்றுவிடும், என்ஜின் நிற்காது. மற்றது தேய்ந்த ஆயில் சீல். இரவு தொங்கவிட்ட என்ஜின் விடிவதற்குள் ஓசையில்லாமல் இறங்கியிருக்கும்.

இந்நால்வகையும் இரு கொள்கைகளில் அடங்கும். முதல் மூன்றில் என்ஜின் மேலே எழும், வண்டியைப் பின்னால் தள்ள வேண்டும். இது நிலைக்கொக்கிக் கொள்கை. நான்காவதில் வண்டி நிற்கும், என்ஜின் நகரும். இது நகர்கொக்கிக் கொள்கை. தள்ள ஆள் கிடைக்கும் தெருவில் முன்னதும், வழவழப்பான தளமுள்ள வீட்டில் பின்னதும் சிறக்கும்.

4. களக்குறிப்பு

முக்காலி நின்றாயிற்று. பேனட் திண்ணையில் கிடக்கிறது, ரேடியேட்டர் மதில் ஓரம் சாய்ந்திருக்கிறது. மவுண்டிங் போல்ட்டுகள் கழன்று, ஹெட்டின் முன்னும் பின்னும் சங்கிலி மாட்டியாயிற்று. நாலு விரற்கடை எழும்பியதும் என்ஜின் முரண்டு பிடிக்கிறது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் இன்னும் கிளட்சுக்குள் மாட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் என்ஜினை அணைத்து முன்னால் உலுக்குகிறார்.

"அண்ணே, உலுக்காதீங்க. கியர்பாக்ஸுக்கு அடியில ஜாக்கி குடுங்க, தானா வரும்" என்கிறான் ஒத்தாசைக்கு வந்த மெக்கானிக் பையன்.

"டேய், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த வண்டிய ஓட்டுனவன் நான்."

"ஓட்டுனீங்கண்ணே. கழட்டலியே."

ஜாக்கி வருகிறது. கியர்பாக்ஸ் நிமிர்ந்து நேர்க்கோட்டுக்கு வந்ததும் ‘களக்’ என்று ஷாஃப்ட் விடுபட்டு, என்ஜின் ஒரு ஆட்டம் ஆடி நிற்கிறது. சம்ப்பிலிருந்து கறுப்பு ஆயில் சொட்டுகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் கேஸ் சிலிண்டர். வீட்டுக்காரர் சில்லறை தேட உள்ளே போகிறார், பையன் சிலிண்டருக்குக் கை கொடுக்கப் போகிறான். கயிற்றுக் கப்பியானால் ஒருவர் சிலிண்டரையும் மறந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்க வேண்டும். செயின் பிளாக் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. கருதுகோள் மெய்ப்பட்டது.

5. ஆற்றல் கணக்கு

150 கிலோவை ஒரு மீட்டர் தூக்க ஏறத்தாழ 1470 ஜூல் வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்கு கிலோ கலோரி. பத்து கிராம் சர்க்கரை போட்ட டீயில் 40 கிலோ கலோரி உண்டு. உடம்பு அதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று கழித்து, செயின் பிளாக்கின் உராய்வையும் தாராளமாகக் கழித்தாலும், ஒரு டீயில் அம்பாசிடர் என்ஜினைப் பத்து முறைக்கு மேல் தூக்கலாம். நடைமுறையில் ஒரே ஒரு முறை தூக்க ஆளுக்கு இரண்டு டீ ஆகிறது. மிச்ச ஆற்றல் முழுவதும் யோசனை சொல்வதில் செலவாகிறது என்பது தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

6. எதிர்வாதமும் மறுப்பும்

‘தொங்கவிட்டால் நிற்கும் என்றால், ஞாயிற்றுக்கிழமை தூக்கியதை அடுத்த ஞாயிறு வரை தொங்கவிடலாமே’ எனின், கூடாது. பொறி பிடித்து நிற்பது நாம் சிலிண்டர் வாங்கி வரும் நேரத்துக்கு. கேஸ்கெட் வாங்கி வரும் நாட்களுக்கு அல்ல. தூக்கினோம், வண்டியைத் தள்ளினோம், உடனே தரைக்கு இறக்கினோம் என்றிருக்க வேண்டும். எங்கே இறக்குவது? பழைய லாரி டயரில். சம்ப் நசுங்காது, என்ஜின் உருளாது, விலையும் இல்லை. தூக்குபொறி பற்றி மணிக்கணக்கில் பேசுவோர் டயரை மறப்பது ஆய்வுலகின் பெரும் அநீதி. தொங்கும் என்ஜினுக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கலாகாது என்பதற்கு மட்டும் எதிர்வாதமே இல்லை.

7. முடிவும் பரிந்துரையும்

ஒரே ஒரு முறை இறக்குபவர் போர்க்காரரிடம் முக்காலியையும் ஒரு டன் செயின் பிளாக்கையும் வாடகைக்கு எடுக்கலாம். கொக்கி விரிந்திருக்கிறதா, சங்கிலிக் கண்ணி நீண்டிருக்கிறதா, டக் டக் கேட்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை இறக்குபவர், தளம் சரியாக இருந்தால், மடக்குக் கிரேன் வாங்கலாம். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் அதே என்ஜினை இறக்க நேர்ந்தால் மாற்ற வேண்டியது மெக்கானிக்கை. வீட்டுப் பழுதுபார்ப்பில் அந்த மெக்கானிக் யார் என்பதைக் குடும்ப நலன் கருதி இவ்வாய்வு வெளியிடவில்லை.