லாரி திரும்பிப் போன பிறகு

(ஃபெஞ்சல் புயல் நிதியைப் பற்றி வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. இந்த முறை முழுக்க அவற்றுக்கே பதில்.)

கே: புயல் அடித்ததும் எல்லோரும் நிதி திரட்டுகிறார்கள். ஒரு மாதத்தில் அடங்கிவிடுகிறது. நிவாரணம் என்பது எத்தனை நாள் வேலை?
*— கல்லூரி மாணவி, செஞ்சி*

ப: நிவாரணம் பதினைந்து நாள் வேலை. மீண்டு எழுவது ஐந்தாண்டு வேலை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையேறியது. செஞ்சிக்குக் கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. முதல் வாரம் வந்த லாரிகளில் பிரெட், பாய், போர்வை. குறை சொல்ல மாட்டேன். நனைந்து நடுங்குகிற குழந்தைக்கு அந்த நேரத்தில் போர்வைதான் தெய்வம். ஆனால் பொங்கலுக்குள் லாரிகள் நின்றுவிட்டன. இடிந்த சுவரும் மணல் மூடிய கொல்லையும் தூர்ந்த கிணறும் அப்படியே இருந்தன.

கே: அரசுதான் கொடுக்கிறதே, தனியாக தர்ம நிதி எதற்கு?
*— ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ., ஆலம்பூண்டி*

ப: பாதிக்கப்பட்ட ரேஷன் அட்டைக் குடும்பத்துக்கு 2,000 ரூபாய், சேதமான குடிசைக்கு 10,000, இறந்த கறவை மாட்டுக்கு 37,500, நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று அரசு அறிவித்தது. ஏக்கர் கணக்கில் பார்த்தால் ஏழாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் போயிருந்தால்தான்.

லட்சக்கணக்கான பேருக்கு ஒரே அளவுகோலை வைத்துத்தான் அரசால் கொடுக்க முடியும். அதற்குள் அடங்காதவர் யார் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை அடங்கல் எழுதியிருப்பீர்கள்! வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவர் பெயர் அதில் இருக்காது. பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போகும், கடன் இவர் தலையில் நிற்கும். புறம்போக்கில் பட்டா இல்லாமல் குடியிருப்பவரையும், அறுப்புக் கூலி போன பெண்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தர்ம நிதிக்கு வேலை அங்கேதான். அரசு கொடுத்தவருக்கே திரும்பவும் கொடுப்பது சுலபம், பட்டியல் தயாராக இருக்கும். விடுபட்டவரை நடந்து போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கே: பணமா, பொருளா?
*— மளிகைக் கடைக்காரர், செஞ்சி*

ப: முதல் மூன்று நாள் பொருள். அப்புறம் பணம். அந்தப் பணம் உங்கள் கடைக்குத்தானே வரும்? கடையும் எழுந்து நிற்க வேண்டாமா?

கே: விவசாயிக்கு எப்போது உதவினால் பயன்?
*— வாசகர், அவலூர்பேட்டை*

ப: பட்டம் தவறுவதற்கு முன்னால். நம் பக்கம் மார்கழியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைப்பார்கள். புயலோ கார்த்திகையில் வந்தது. ஏக்கருக்குச் சுமார் ஐம்பது கிலோ விதைப் பருப்பு வேண்டும். அதை அந்த மாதத்துக்குள் கையில் கொடுத்தால், சித்திரையில் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை போகும். மாசியில் விழா எடுத்துக் கொடுத்தால் போட்டோ மட்டும்தான் மிஞ்சும்.

கே: நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்துகிறோம். வந்த பணத்தை மார்ச் 31-க்குள் செலவழித்தே ஆக வேண்டும் என்கிறார் ஆடிட்டர். அதனால் அவசரமாகப் புடவை வாங்கிக் கொடுத்தோம்.
*— அறங்காவலர், திண்டிவனம்*

ப: ஆடிட்டர் சொன்னதில் பாதி சரி. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. அதே சட்டத்தில் இன்னொரு வாசலும் இருக்கிறது. இன்ன காரியத்துக்காக என்று தீர்மானம் போட்டு, கெடுவுக்குள் படிவம் கொடுத்து, வங்கி வைப்பு போன்ற அனுமதித்த முதலீட்டில் போட்டு வைத்தால், ஐந்தாண்டு வரை சேர்த்து வைத்துச் செலவிடலாம். ‘புயலில் இடிந்த வீடுகளைக் கட்ட’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அந்தப் புடவைப் பணம் இன்று சுவராக நின்றிருக்கும்.

நம் செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் நெற்களஞ்சியத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சுற்றி நின்றபோதும் மராட்டிய மன்னர் ராஜாராமின் ஆட்கள் ஏழாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த இடம் இது. மலைமேல் சுனையும் கீழே சேமித்த நெல்லும் இல்லாமல் அது நடந்திருக்குமா? முதல் நாளே களஞ்சியத்தைக் காலி செய்தவன் எவனும் கோட்டையைக் காத்ததில்லை.

கே: பாரிஸில் இருக்கிறேன், பிரெஞ்சுக் குடியுரிமை. ஊர் இளைஞர் மன்றத்துக்கு நேரடியாகப் பணம் அனுப்பலாமா?
*— வாசகி, பாரிஸ்*

ப: கூடாது அம்மா, உங்கள் நல்ல மனசு அவர்களுக்கு வழக்காக முடியும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தரும் கொடை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த அமைப்புக்கு, டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அது வைத்திருக்கும் தனிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த அமைப்பும் அதை வேறு சிறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ஆகவே உள்ளூரில் தானே இறங்கி வேலை செய்கிற, பதிவு உள்ள அமைப்பாகப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தத் தடை இல்லை.

கே: முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் வரிச்சலுகை உண்டா?
*— வங்கி ஊழியர், விழுப்புரம்*

ப: உண்டு, நூறு சதவீதம். ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. கம்பெனிகளுக்கு வேறு கணக்கு: இந்த நிதிக்குக் கொடுப்பது அவர்களுடைய சமூகப் பொறுப்புச் செலவில் சேராது. மறுவாழ்வுக்கும் மறுகட்டுமானத்துக்கும் களத்தில் செலவிட்டால் சேரும். உங்கள் ஊர் ஆலை முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள்.

கே: தர்மப் பணத்தால் ஓர் ஊர் உண்மையில் மீண்டு எழுந்ததாக உதாரணம் உண்டா?
*— ஆசிரியர், மேல்மலையனூர்*

ப: நாகப்பட்டினம். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்தன. ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் இருக்க, ஓர் ஒருங்கிணைப்பு மையம் வைத்து, எந்தக் குப்பத்துக்கு யார், என்ன என்று பிரித்துக்கொண்டார்கள். அரசு நிலம் கொடுத்தது, நிறுவனங்கள் வீடு கட்டின. தப்பும் நடந்தது. தார் ஷீட் கொட்டகையில் மக்கள் நீண்ட காலம் வெந்தார்கள்; படகு கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிற தர்மம் என்பதால் தேவைக்கு மேல் ஃபைபர் படகுகளைக் கொடுத்துவிட்டார்கள்.

என் மனதில் நிற்பது உப்பேறிய வயல்தான். இனி பல வருஷம் விளையாது என்று கைவிட்ட நிலத்தில், இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரும் மற்ற இயற்கை விவசாயிகளும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொன்னார்கள். நெல் திரும்ப வந்தது. அந்த வேலைக்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. பருவம் பருவமாகக் கூடவே நின்ற ஆட்கள்தான் அதைச் செய்தார்கள்.

2018 கஜா புயலையும் மறக்காதீர்கள். ஒரு தென்னைக்கு அரசு கொடுத்தது 1,100 ரூபாய். புதுக் கன்று நெட்டையாக இருந்தால் காய்க்க ஆறேழு வருஷம். இடையில் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? நீண்டகால நிதி என்று நான் சொல்வது இந்த இடைவெளிக்குத்தான்.

கே: வெளிநாட்டில்?
*— அதே ஆசிரியர்*

ப: போர்ட்டோ ரீக்கோ தீவை 2017-ல் மரியா சூறாவளி அடித்தது. பல இடங்களில் மாதக்கணக்கில் மின்சாரம் இல்லை. அட்ஹுந்தாஸ் என்ற மலையூரில் காசா புவெப்லோ என்னும் உள்ளூர் அமைப்பு நன்கொடை திரட்டி, கடைத்தெருவுக்கே சொந்தமாகச் சூரிய மின்கட்டமைப்பு அமைத்தது. இயங்கத் தொடங்கியது 2023-ல். ஐந்து வருஷத்துக்கு மேல் பொறுத்த நன்கொடை அது.

கே: கணக்குக் கேட்டால் ‘நம்பிக்கை இல்லையா’ என்று கோபிக்கிறார்கள்.
*— வாசகர், அனந்தபுரம்*

ப: ரசீது கொடுக்காதவர் கோபப்படட்டும். யாருக்கு, எவ்வளவு என்று ஊர் மந்தையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வாங்கியவர் மானம் போகாமல், தெருவாரியாக.

கே: புயல் வந்து ஓராண்டு கடந்துவிட்டது. இப்போது ஆயிரம் ரூபாய் கொடுத்து என்ன ஆகும்?
*— தனியார் பள்ளி ஆசிரியை, செஞ்சி*

ப: சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். ஏக்கருக்குச் சில நூறு ரூபாய். உங்கள் ஆயிரத்தில் ஒரு குத்தகைக்காரரின் ஓர் ஏக்கர் அடுத்த புயலுக்கு முன்பே காப்பீட்டுக்குள் வந்துவிடும். ஐப்பசி முடிவதற்குள் கட்ட வேண்டும். நிலத்துக்காரரிடம் சம்மதம் வாங்கவும், வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அடங்கல் வாங்கவும் அவரோடு கூட நடக்க எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் தேவை. ஒரு நாள் லீவு போட முடியுமா அம்மா?