தைலம் கொடுக்க ஏற்ற இடம்

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். நிகழ்ச்சிகளில் பொருள்களை அறிமுகப்படுத்தும் 'பிராண்ட் அம்பாசிடர்' வேலைக்கு ஆசை. சென்னைக்குப் போனால்தான் நடக்குமா?
- வாசகி, போளூர்

பதில்: சென்னையில் கம்பெனிக்காரர்கள் கூட்டத்தைத் தேடி அலைய வேண்டும். உங்கள் மாவட்டத்திலோ பௌர்ணமிதோறும் கூட்டம் தானாக வந்து மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறது! கார்த்திகை தீபத்தன்று பல லட்சம் பேர். திருவண்ணாமலையிலேயே தொடங்குங்கள்.

எங்கே நிற்கிறோம் என்பதில்தான் பாதித் தொழில். மூட்டுவலித் தைலத்தை கிரிவலப் பாதையில் முதலில் வரும் இந்திர லிங்கத்தருகே நீட்டினால் யார் நிற்பார்கள்? அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருப்பார்கள். அதையே கடைசியில் வரும் ஈசானிய லிங்கத்தருகே நீட்டுங்கள், உங்களையும் சேர்த்துக் கும்பிடுவார்கள். ஜபித்தபடி நடப்பவரை மறிக்காதீர்கள். உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்பவரிடம் பேசுங்கள். கொஞ்சம் தெலுங்கும் கற்றுக்கொள்ளுங்கள். ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிறவர்கள் ஏராளம்.

விளம்பர ஏஜென்சிகளுக்குப் புகைப்படம், தெரிந்த மொழிகள், ஊர்ப்பெயர் அனுப்புங்கள். உள்ளூர் ஆள் என்றால் அவர்களுக்கு பஸ் செலவும் அறை வாடகையும் மிச்சம். அதைச் சொல்லியே கேளுங்கள். ஸ்டாலுக்கு அனுமதி வாங்கியாயிற்றா என்று விசாரியுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாக்கெட் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. டெபாசிட் கட்டச் சொல்பவர் பக்கமே போகாதீர்கள். தினச் சம்பளம், சாப்பாடு, இரவில் வீடு திரும்ப வண்டி, மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.