முதல், கரு, உரி: கனேடிய லாகர் பற்றி ஒரு பேஸ்மென்ற் ஆய்வு

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் முப்பகுப்பு காதலுக்கும் போருக்கும் பொருத்தப்பட்டாயிற்று. கனேடிய லாகருக்கு இன்றுவரை எவரும் பொருத்திப் பார்க்கவில்லை. ஸ்காபரோவில் நண்பர் ஒருவரின் பேஸ்மென்றில் கூடிய எமது ஆய்வுக்குழு இப்பெருங்குறையைக் களைய முன்வந்தது. நிதி நல்கையாக ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ் பெறப்பட்டது.

ஆய்வெல்லையை வகுப்பதிலேயே சிக்கல். கனேடிய லாகர் யாது? பிறப்பை நோக்கினால் மோல்சன் முன்னிற்கும். ஜோன் மோல்சன் மொன்றியலில் 1786இல் தொழிலைத் தொடங்கினார். ஆனால் அன்று அவர் காய்ச்சியது ஏல். மோல்சன் கனேடியன் என்னும் லாகர் பிறந்தது 1959இல். உடைமையை நோக்கினாலோ நிலைமை இன்னும் மோசம். ஒன்ராறியோவின் லண்டன் நகரில் 1847இல் தோன்றிய லபாட், இன்று பெல்ஜியத்தில் தலைமையகம் கொண்ட குழுமத்தின் கையில். மோல்சன் 2005இல் அமெரிக்காவின் கூர்ஸோடு கலந்துவிட்டது. குவெல்ஃபின் ஸ்லீமனை மறு ஆண்டே ஜப்பானின் சப்போரோ வாங்கிவிட்டது. பழைய பெரிய பெயர்களில் மூஸ்ஹெட் மட்டும், நாடு கூட்டாட்சியான அதே 1867இல் சுசானா ஓலண்டின் கைப்பக்குவத்தில் தொடங்கி, குடும்பத்தை விட்டுப் போகாமல் நியூ பிரன்சுவிக்கில் நிற்கிறது. இந்தக் கணக்கில், சத்தியப்பிரமாணம் செய்து குடியுரிமை பெற்ற எமது குழுவினர் தாம் குடித்தவற்றில் பலவற்றைவிடக் கூடுதலான கனேடியர் ஆவர். விரித்தால் அரசியலாகும், விடுகிறேன்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம்: பின்வளவு, ஏரிக்கரைக் கொட்டேஜ், பேஸ்மென்ற். பெரும்பொழுது: விக்டோரியா தின வார இறுதி. சிறுபொழுது: ஹொக்கியின் மூன்றாம் பகுதியில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் பின்தங்கி நிற்கும் வேளை. அவர்கள் கடைசியாக ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது 1967இல் ஆதலால் இச்சிறுபொழுது மிக நீண்டது என்க.

கருப்பொருளைப் போத்தலின் மேலேயே காணலாம். மூஸ்ஹெட்டில் மூஸ். மேற்கு மாகாணத்தார் விரும்பும் ஓல்ட் ஸ்டைல் பில்ஸ்னரின் சீட்டில் முயல்கள். அவை எத்தனை என்று எண்ணுவது அங்கே குடிப்போரின் பழைய விளையாட்டு. எண்ணிக்கை போத்தலுக்குப் போத்தல் மாறுகிறது, சீட்டு மாறுவதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கொக்கனி விளம்பரங்களில் தோன்றும் காட்டுமனிதனாகிய சாஸ்குவாச்சை விலங்கின்கீழ் வைப்பதா என்று விவாதம் எழுந்தது. இருக்கிறதா இல்லையா என்று அறுதியிட முடியாமையால் தெய்வத்தின்கீழ் வைத்தோம். கல்வெட்டியலாருக்கும் இடமுண்டு: ரொறன்ரோவின் பழைய ரயில் கொட்டகையில் காய்ச்சப்படும் ஸ்டீம் விசில் போத்தலின் அடியில் ‘3எஃப்ஜி’ என்ற பொறிப்பு இருக்கிறது. முன்னைய வேலையிலிருந்து நீக்கப்பட்ட மூவர் தொடங்கிய நிறுவனம் என்பது அதன் பொருள். நடுகல் மரபு அழியவில்லை.

இனிச் சோதனை. லாகரை மதிப்பிடுவது ஏன் கடினம் என்றால், அது குளிரில் மெல்ல நொதித்து, பின்னர் குளிரிலேயே கிடந்து தெளிவது. ஏலில் எழும் பழமணம் இதில் அடங்கிவிடும். பெருநிறுவனங்கள் பல சோளமும் சேர்த்து அதை இன்னும் மெலியவைக்கின்றன. போதாக்குறைக்கு நாலு பாகைக் குளிரில் குடிக்கிறோம். நாக்கு மரத்த பின் தீர்ப்புச் சொல்கிறோம். எனவே முக்கோணச் சோதனை என்னும் முறையைக் கையாண்டோம். மூன்று கிளாசில் இரண்டு ஒன்றே, ஒன்று வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு சரிவரும். ஊற்றும் பொறுப்பை, குடிக்காதவரும் எங்களில் எவரையும் நம்பாதவருமான வீட்டுக்கார அக்கா ஏற்றா.

முடிவுகள் வருமாறு. கணக்காளர் அ-வைப் “பச்சைத் தண்ணி” என்றும் இ-யை “இது பியர்” என்றும் பதிந்தார். இரண்டும் ஒன்றே. மற்றொருவர் சோதனையையே நிராகரித்தார்: “மூண்டும் வேற வேற. அக்கா எங்களைப் பேய்க்காட்டுறா.” மூத்தவரோ ஒவ்வொரு கிளாசையும் நுவரெலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட லயன் லாகரோடு ஒப்பிட்டு, எல்லாவற்றுக்கும் பத்துக்கு நாலு போட்டார். அவரது உரிப்பொருள் பிரிவு. அவரைப் பாலையில் வைக்க வேண்டும்.

பிறகு சீட்டுத் தெரியும்படி போத்தல்களை மேசையில் வைத்தோம். அவரவர் கொண்டுவந்தது அவரவருக்கு எட்டு, ஒன்பதாக ஏறியது. இதை நாமே முதலிற் கண்டதாக மார்தட்ட வழியில்லை. 1964இல் அமெரிக்காவில் அலிசன், உல் என்னும் இருவர், சீட்டு நீக்கிய போத்தல்களை நூற்றுக்கணக்கான பியர்ப் பிரியர்களிடம் கொடுத்து இதே முடிவைப் பெற்றிருக்கிறார்கள். அவர்களிடம் ரோல்ஸ் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரேயொரு கிளாசில் மட்டும் முழுக்குழுவும் ஒருமித்தது. யன்னலோரம் வெயிலில் கிடந்த பச்சைப் போத்தலின் பியர் அது. பச்சைக் கண்ணாடி, பழுப்புக் கண்ணாடியைப் போல ஒளியைத் தடுக்காது. ஹொப்ஸின் கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டால் கந்தகச் சேர்மம் ஒன்று உண்டாகி, ஸ்கங்க் பாய்ச்சும் நாற்றத்தைக் கொடுக்கும். மூக்குக்கு அதில் இம்மியளவு போதும். குப்பை வாளிகளை இரவில் ஸ்கங்க் ஆளும் ஸ்காபரோவில் இந்தத் துறையில் பயிற்சியில்லாத மூக்கே கிடையாது. ஆகவே கனேடிய லாகரைத் துல்லியமாக அறிய வேண்டுமானால் முதலில் அதைக் கெடுக்க வேண்டும் என்பது பெறப்படும்.

குழுவின் பொது உரிப்பொருள் ஊடல் என்பதில் ஐயமில்லை. கொண்டுவந்தவனுக்கும் குடித்தவனுக்கும், குடித்தவனுக்கும் புள்ளி போட்டவனுக்கும் இடையே அது விடியும்வரை நீண்டது. திணை மருதமென்று கொள்க. கூடல் நிகழவில்லை.

வெற்றுப் போத்தல்கள் ஆய்வுச் சான்றுகள் ஆதலால் மறுபரிசீலனைக்காகப் பேணப்பட வேண்டும் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. மறுநாள் அக்கா இருபத்துநாலையும் பெட்டியிலடுக்கி பியர் ஸ்டோருக்குக் கொண்டுபோய், போத்தலுக்கு 10 சதப்படி 2 டொலர் 40 சதம் வாங்கி வந்தா. அத்தொகைக்கு உரியவர் யார் என்பதில் இருவேறு கருத்துகள் உள்ளன; அக்காவிடம் அவற்றை எடுத்துரைக்க இதுவரை எவரும் முன்வரவில்லை.